பக்கவாதத்துக்குப் பிறகு தங்கிவிடும் இயலாமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கேள்விகள் அதற்கு அப்புறம்தான் வரிசைகட்டி வருகின்றன. கை வருமா, நடப்பாரா, ஏன் இப்படி அழுகிறார், பிசியோதெரபியை இன்னும் எத்தனை மாதம் தொடர வேண்டும்? கீழே இருப்பவை அந்தக் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். எல்லாம் பொதுவான விளக்கங்கள். மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது, அளவை மாற்றுவதெல்லாம் நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்ல வேண்டியவை.

பக்கவாதம் வந்துவிட்டால் ஊனம் நிச்சயமா?

இல்லை. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடிப் பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் வருகிறது. அவர்களில் சிலர் சில நாட்களிலேயே பழையபடி எழுந்து நடமாடுகிறார்கள். சிலருக்குக் கடைசிவரை ஆள் துணை தேவைப்படுகிறது. பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள்.

பாதிப்பு மூளையின் எந்த இடத்தில், எவ்வளவு பரப்பில் என்பது முக்கியம். வயதும், அதற்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பதும் கணக்கில் வரும். ஆனால் இவை எல்லாவற்றையும் விட, முதல் சில நாட்களில் பாதிப்பு எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதுதான் நல்ல துப்பு. 'ஸ்கேனில் சின்னப் புள்ளிதான் தெரிகிறது' என்று கேட்டு நிம்மதியடைய வேண்டாம். கை கால்களுக்குப் போகும் நரம்பு இழைகள் மூளையின் ஆழத்தில் ஓரிடத்தில் நெருக்கமாக ஒரே கட்டாகப் போகின்றன. அங்கே விழுந்த சின்னப் புள்ளி ஒரு பக்கத்தையே முடக்கிவிடும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'எம்ஆர்எஸ் 3' என்று எழுதியிருக்கிறார்கள். அது என்ன?

இயலாமையின் அளவு. கிளாஸ்கோவில் பணியாற்றிய ஜான் ரேங்கின் என்ற மருத்துவர் 1957-இல் வகுத்து, பின்னால் மற்றவர்கள் திருத்திய அளவுகோல் அது. 0 என்றால் எந்தக் குறையும் இல்லை. 1 என்றால் லேசான அறிகுறிகள் உண்டு, ஆனால் எல்லா வேலையும் செய்கிறார். 2 என்றால் முன்பு செய்ததில் சிலவற்றைச் செய்ய முடியவில்லை, தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறார். 3 என்றால் கொஞ்சம் உதவி வேண்டும், ஆனால் இன்னொருவர் பிடிக்காமல் நடக்கிறார். 4 என்றால் ஆள் துணையில்லாமல் நடக்கவோ சொந்தத் தேவைகளைக் கவனிக்கவோ முடியாது. 5 என்றால் படுக்கை. 6 இறப்பு.

இந்த அளவுகோலில் கையின் பலம் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு கை முழுக்க வராமலேயே 2-இல் வாழ்பவர்கள் உண்டு. கை கால் நன்றாக இருந்தும், கவனமும் முடிவெடுக்கும் திறனும் குலைந்ததால் 3-இல் நின்றுவிட்டவர்களும் உண்டு. குடும்பத்தில் எல்லார் கண்ணும் கையின் மேலேயே இருக்கிறது. வாழ்க்கையை முடக்குவது பல சமயம் வேறு ஒன்றாக இருக்கிறது.

'ஆறு மாதத்தில் வந்தது வந்ததுதான், அப்புறம் ஒன்றும் வராது' என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. மீதிப் பாதி நிறைய பேரைக் கெடுத்திருக்கிறது.

உண்மையான பாதி இது. கோபன்ஹேகனில் ஏறத்தாழ 1,200 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 1995-இல் வெளியிட்ட ஆய்வில், 95 சதவீதம் பேர் தங்கள் சிறந்த நிலையைப் பன்னிரண்டரை வாரத்துக்குள் எட்டிவிட்டார்கள். பாதிப்பு லேசாக இருந்தவர்கள் அதற்கும் முன்பே எட்டினார்கள். மிகக் கடுமையாக இருந்தவர்களுக்கு 20 வாரம் வரை ஆனது. முதல் மூன்று மாதங்களில் மூளை தானாகவே வேகமாகச் சரிசெய்துகொள்கிறது. வீக்கம் வடிகிறது, பிழைத்த பகுதிகள் புதுத் தொடர்புகளை உண்டாக்குகின்றன. அந்தக் காலத்தை வீணாக்கக் கூடாது.

ஆனால் அந்த ஆய்வில் 'சிறந்த நிலை' என்பதை அளந்தது பார்தெல் என்ற மதிப்பெண் முறை. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, படி ஏறுவது என்று பத்து விஷயங்களை மட்டும் பார்க்கும். ஒருவரால் பேனா பிடிக்க முடிகிறதா, கூட்டத்தில் நடக்க முடிகிறதா என்பதெல்லாம் அதில் வராது.

பின்னால் வந்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. அமெரிக்காவில் 408 பேரிடம் நடந்த நடைப்பயிற்சி ஆய்வில் (2011) ஒரு பிரிவுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் டிரெட்மில் பயிற்சி தொடங்கினார்கள்; ஆண்டு முடிவில் அவர்களும் மற்றவர்களுக்குச் சமமாக முன்னேறியிருந்தார்கள். லண்டனில் குவீன் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையில் மூன்று வாரத்தில் 90 மணி நேரம் கைப்பயிற்சி கொடுக்கிறார்கள். அங்கே வந்தவர்களில் பாதிப்பேர் ஸ்ட்ரோக் வந்து ஒன்றரை ஆண்டு தாண்டியவர்கள். அவர்களுக்கும் கை மேம்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆக, முதல் மாதங்களில் உடம்பு தானாகக் கொடுப்பது ஒன்று, அப்புறம் பயிற்சியால் உழைத்து வாங்குவது இன்னொன்று. இரண்டாவது மெதுவாகத்தான் வரும், சின்னச் சின்னதாகத்தான் வரும். அதற்குக் காலக்கெடு கிடையாது. என்னைக் கேட்டால், ஆறு மாதம் முடிந்ததும் பிசியோவை நிறுத்துவதற்குப் பதில், 'அடுத்து எதைச் செய்ய முடிய வேண்டும்' என்று ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் பயிற்சி கேளுங்கள்.

சரி, அப்படியென்றால் முதல் நாளே எழுப்பி நடக்க வைக்கலாமா?

வேண்டாம். அவெர்ட் என்ற பெரிய ஆய்வு (2015) இதைத்தான் சோதித்தது. 24 மணி நேரத்துக்குள் அதிக அளவில், அடிக்கடி எழுப்பிப் பயிற்சி கொடுத்தவர்களுக்கு மூன்று மாதத்தில் நல்ல நிலையை எட்டும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது. நிலைமை சீரான பிறகு, குறைந்த நேரம், அடிக்கடி என்று தொடங்குவதே முறை.

அம்மாவுக்குக் கால் வந்துவிட்டது, நடக்கிறார். கை மட்டும் ஏன் வரவில்லை?

அதிகம் அடைபடும் ரத்தக்குழாய் மூளையின் நடுத் தமனி. முகம், கை, விரல்களுக்கான பகுதி அதன் எல்லைக்குள் இருக்கிறது. காலுக்கான பகுதியில் பெரும்பங்கு வேறொரு தமனியின் பொறுப்பு. அதோடு, கால் விறைப்பாக இருந்தாலும் அதை ஊன்றி நடந்துவிடலாம். கை அப்படியல்ல. ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் திறந்து மூடினால்தான் ஒரு பொத்தானைப் போட முடியும்.

நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு (2010) சொன்னது மிகவும் பயனுள்ளது. முதல் 72 மணி நேரத்துக்குள் விரல்களைக் கொஞ்சமாவது நீட்டவும், கையைத் தோளிலிருந்து பக்கவாட்டில் கொஞ்சமாவது தூக்கவும் முடிந்தவர்களில் 98 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் கையில் ஓரளவாவது திறமை திரும்பியது. இரண்டும் முடியாதவர்களில் அது 25 சதவீதம். இங்கே 'நீட்டுவது' என்பதைக் கவனிக்க வேண்டும். விரல் மடங்குவதைப் பார்த்து 'கை வந்துவிட்டது' என்று பலர் மகிழ்கிறார்கள். மடங்குவது இறுக்கத்தாலும் நடக்கும். திறப்பதுதான் மூளையிலிருந்து கட்டளை வருகிறது என்பதற்கு அடையாளம்.

கைக்கு எந்தப் பயிற்சி பலன் தரும்?

முதலில் எண்ணிக்கை. அமெரிக்க மையங்களில் சாதாரணப் பயிற்சி வேளைகளைக் கவனித்து எண்ணிய ஆய்வில் (2009), ஒரு வேளைக்குச் சராசரியாக 32 தடவைதான் கையை ஒரு வேலைக்காக அசைக்க வைத்தார்கள். ஆய்வகத்தில் விலங்குகளின் மூளையில் மாற்றம் தெரிவது நூற்றுக்கணக்கான தடவை செய்த பிறகு. பிசியோதெரபிஸ்ட் வரும் முக்கால் மணி நேரம் மட்டும் போதாது என்பதற்கு இதை விட நல்ல காரணம் இல்லை. மீதி நேரத்தில் அந்தக் கையால் என்ன செய்யலாம் என்று அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் அசைவு இருப்பவர்களுக்கு, நல்ல கைக்கு உறை போட்டுக் கட்டுப்படுத்திவிட்டு பாதித்த கையை மட்டும் பயன்படுத்த வைக்கும் முறை உண்டு. எட்வர்ட் டாப் என்ற உளவியலாளரின் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறை போட்டு, இரண்டு வாரம் தீவிரப் பயிற்சி. எக்சைட் ஆய்வு (2006) இதன் பலனை உறுதிப்படுத்தியது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவு நீட்ட முடிந்தவர்களுக்குத்தான் இது. அசைவே இல்லாதவருக்கு நல்ல கையைக் கட்டிப்போடுவது வெறும் தண்டனை.

அசைவு மிகக் குறைவாக இருந்தால் கண்ணாடிப் பயிற்சி செய்து பார்க்கலாம். நடுவில் கண்ணாடியை நிறுத்தி, பாதித்த கையை அதன் பின்னால் மறைத்துவிட்டு, நல்ல கை அசைவதைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். வராத கை அசைவது போல மூளைக்குத் தெரியும். துண்டிக்கப்பட்ட கையில் வலி என்று தவித்தவர்களுக்காக நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் கொண்டுவந்த முறை இது. பின்னால் பக்கவாதத்துக்கும் பயன்பட்டது.

ரப்பர் பந்தை அழுத்தச் சொல்லி எல்லாரும் கொடுக்கிறார்கள். ஏற்கெனவே இறுகி மடங்கும் கைக்கு அது தவறான திசையில் கொடுக்கும் பயிற்சி. எடுத்து வைக்க, திறந்து விட வேண்டிய பொருள்களைக் கொடுங்கள்.

ஒரு கையால் உடுத்துவது, படி ஏறுவது இதற்கெல்லாம் முறை இருக்கிறதா?

இருக்கிறது, அதையும் கற்றுக்கொள்ள வேண்டும். சட்டை போடும்போது பாதித்த கை முதலில். சட்டையை மடியில் விரித்து, பாதித்த கையை அதன் சட்டைக்கைக்குள் விட்டு, நல்ல கையால் முழங்கைக்கு மேலே தோள் வரை இழுத்து ஏற்றிவிட வேண்டும். தோளில் சரியாக உட்காரும் வரை அடுத்த படிக்குப் போகக் கூடாது. பலரும் தடுமாறுவது இங்கேதான். அப்புறம் சட்டையை முதுகுப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து நல்ல கையை நுழைக்கலாம். கழற்றும்போது தலைகீழ். நல்ல கை முதலில் வெளியே வரும்.

கைத்தடி நல்ல பக்கத்துக் கையில். மாடி ஏறும்போது நல்ல கால் முதல் அடி. இறங்கும்போது பாதித்த கால் முதல் அடி. நாற்காலியிலிருந்து எழும்போது முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் முழங்காலுக்குப் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு பாத விரல்களைத் தாண்டும் வரை முன்னால் சாய்ந்து எழ வேண்டும். நேராக மேலே எழ முயல்வதால்தான் பலர் பின்னால் விழுகிறார்கள்.

நடக்கும்போது பாதம் தொங்கித் தரையில் இடறினால், கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் ஏஎஃப்ஓ என்ற சாதனம் உதவும்.

கையும் காலும் நாளாக நாளாக இறுகிக்கொண்டே போகிறது. மாத்திரை போதுமா?

தசைகளை அடக்கி வைக்கும் மூளையின் கட்டளை இல்லாமல் போவதால் வரும் இறுக்கம் இது. தினமும் மெதுவாக நீட்டிவிடுவது, கையைச் சரியான நிலையில் வைப்பதுதான் அடிப்படை. பேக்லோஃபென் போன்ற மாத்திரைகள் உடம்பு முழுவதையும் தளர்த்தும், தூக்கக் கலக்கமும் தரும். குறிப்பிட்ட சில தசைகளில் மட்டும் சிக்கல் என்றால், போட்ட தசையை மட்டும் தளர்த்தும் போட்யூலினம் ஊசி மேல். சில நாட்களில் வேலை செய்யத் தொடங்கி, சுமார் மூன்று மாதம் நிற்கும். விரலைத் திறந்து நகம் வெட்டவும் உள்ளங்கையைக் கழுவவும் முடியும். ஆனால் ஊசியால் கைக்குத் திறமை வந்துவிடாது. அந்த மூன்று மாதத்தில் பயிற்சி செய்யாவிட்டால் பழைய கதைதான்.

எல்லா இறுக்கத்தையும் போக்க வேண்டியதில்லை. சிலர் காலின் விறைப்பை வைத்துத்தான் நிற்கிறார்கள். அதைத் தளர்த்தினால் நடையே போய்விடும். இன்னொன்று: நன்றாக இருந்த கை கால் திடீரென்று அதிகமாக இறுகினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

தோள் வலி தாங்க முடியவில்லை என்கிறார்.

பாதித்த கையைப் பிடித்து இழுத்து எழுப்புகிறீர்களா? முதலில் அதை நிறுத்துங்கள். தசை பிடிப்பு இல்லாத தோள் மூட்டு கையின் எடையிலேயே கீழே இறங்கியிருக்கும். அதை இழுத்தால் இன்னும் கெடும். தூக்கும்போது முதுகுத் தோள்பட்டையையும் இடுப்பையும் பிடிக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது முன்கைக்குத் தலையணை வையுங்கள். தலைக்கு மேலே கப்பி கட்டி இழுக்கும் பயிற்சி வேண்டாம் என்று சிகிச்சை வழிகாட்டிகளே சொல்கின்றன.

கையும் காலும் எரிகிறது, துணி பட்டாலே சுடுகிறது, குளிர் பட்டால் குத்துகிறது என்றால் அது தசையிலோ மூட்டிலோ வரும் வலியல்ல. உணர்வைக் கையாளும் மூளைப் பகுதி பாதிக்கப்பட்டதால் மூளையே உண்டாக்கும் வலி. சாதாரண வலி மாத்திரைகள் கேட்காது; நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின், லமோட்ரிஜின், ப்ரீகாபலின் போன்றவற்றை மருத்துவர் முயன்று பார்ப்பார். 'நடிக்கிறார்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பேச்சு வரவில்லை. நாம் சொல்வது புரிகிறதா என்றே தெரியவில்லை.

இரண்டு விதமான கோளாறுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாக்கு, உதடு, தொண்டைத் தசைகள் பலவீனமாகி வார்த்தை குழறுவது ஒன்று. இவர்களுக்கு மொழி முழுசாக இருக்கிறது, எழுதிக் காட்டுவார்கள். மொழியே பாதிக்கப்படுவது இன்னொன்று. அதற்கு அஃபேசியா என்று பெயர். பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு வருகிறது, பெரும்பாலும் மூளையின் இடது பாதி பாதிக்கப்படும்போது. 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் ப்ரோகா விவரித்த நோயாளி எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்று மட்டுமே சொன்னார். அவர் மூளையின் முன்பகுதியில் இடது பக்கம் சிதைந்திருந்தது பிறகு தெரிந்தது. சிலருக்கு இதற்கு நேர் எதிராக, பேச்சு சரளமாக வரும், பொருள் இருக்காது, கேட்பதும் புரியாது.

அஃபேசியா வந்தவருக்கு அறிவு போய்விடவில்லை. தன் வீட்டில் யார் யார், எது நியாயம், எது அவமானம் எல்லாம் அவருக்குத் தெரியும். சத்தமாகப் பேசுவதால் பயனில்லை, காது கேட்கிறது. குழந்தையிடம் பேசுவது போலவும் பேச வேண்டாம். டிவியை அணைத்துவிட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரே விஷயம். 'என்ன வேண்டும்?' என்று கேட்காமல் 'இதுவா, அதுவா?' என்று பொருளைக் காட்டிக் கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். அந்த மௌனத்தை நாம் நிரப்பிவிடுவதுதான் பெரிய தப்பு.

ஒரு வார்த்தை சொல்ல முடியாதவர் பாட்டின் வரியைப் பாடுவார், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவார், திட்டவும் செய்வார். மனப்பாடமாகத் தானாக வரும் பேச்சு வேறு வழியில் வருகிறது, அவ்வளவுதான். வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார் என்று அர்த்தமில்லை. ஆறு மாதம் தாண்டிய 70 வயதுக்கு உட்பட்டவர்களிடம் ஜெர்மனியில் நடந்த ஆய்வு (2017), வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மூன்று வாரம் ஸ்பீச் தெரபி கொடுத்தால் அன்றாடப் பேச்சு மேம்படுகிறது என்று காட்டியது. எப்போதாவது அரை மணி நேரம் என்பது அதற்கு ஈடாகாது.

அப்பா தட்டில் பாதியை அப்படியே விட்டுவிடுகிறார். கண்ணில் கோளாறா?

விடுவது இடது பாதியா என்று பாருங்கள். மூளையின் வலது பாதி பாதிக்கப்பட்டவர்களுக்கு இடது பக்க உலகமே கவனத்திலிருந்து போய்விடுவது உண்டு. முகத்தில் வலது பக்கம் மட்டும் சவரம் செய்துகொள்வார். இடது பக்கம் நின்று பேசினால் திரும்ப மாட்டார். வீல்சேரை இடது பக்கக் கதவு நிலையில் இடிப்பார். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிடுவார். கண் பார்க்கிறது, மூளை அதைப் பொருட்படுத்தவில்லை. சிலர் தன் இடது கையையே 'இது என்னுடையது இல்லை' என்பார்கள். 'எனக்கு ஒன்றும் இல்லையே' என்று எழுந்து விழுபவர்களும் உண்டு.

பார்வைப் புலம் பாதியாகக் குறைவது வேறு. இரண்டு கண்களிலும் ஒரே பக்கப் பாதி தெரியாது. இவர்களுக்குத் தனக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை என்பது தெரியும், அதனால் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொள்வார்கள். முதல் வகையினருக்கு அது தெரியாததால்தான் பயிற்சி கடினமாகிறது. இருவரில் நடக்கும் பலம் வந்த பிறகும் தனியாக விட முடியாதவர்கள் முதல் வகையினர்.

எதுவும் செய்யாமலே களைத்துப்போகிறார். சோம்பேறித்தனமா?

இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகான களைப்பு ஏறத்தாழ பாதிப்பேருக்கு வருகிறது, லேசான ஸ்ட்ரோக் வந்து கை கால் முழுக்கச் சரியானவர்களுக்கும் வருகிறது. ஓய்வெடுத்தாலும் முழுசாகப் போகாது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாததால் இவர்கள்தான் அதிகம் திட்டு வாங்குகிறார்கள். தூக்கத்தில் மூச்சுத்திணறல், மனச்சோர்வு, ரத்தசோகை, தைராய்டு, மருந்துகளின் விளைவு என்று சரிசெய்யக்கூடிய காரணங்களை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், கடினமான வேலையைத் தெளிவாக இருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்வதும், களைத்து விழுவதற்கு முன்பே நிறுத்துவதும்தான் வழி.

காரணமே இல்லாமல் அழுகிறார். சில சமயம் சாவு வீட்டில் சிரிக்கிறார்.

உணர்ச்சியை வெளிக்காட்டும் தசைகளின் மேல் மூளைக்கு இருந்த பிடி தளர்ந்துவிட்டது. உள்ளே அவ்வளவு துக்கமோ சந்தோஷமோ இருக்காது. அவருக்கே கூச்சமாக இருக்கும். பேச்சை மாற்றினால் சட்டென்று நிற்கும். மனச்சோர்வு இதிலிருந்து வேறு. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எப்போதாவது வருகிறது. பசியின்மை, தூக்கமின்மை, பயிற்சிக்கு மறுப்பது, 'நான் பாரமாகிவிட்டேன்' என்ற பேச்சு என்று பல நாள் நீடிக்கும். இரண்டுக்கும் மருந்து உண்டு.

மனச்சோர்வு இல்லாதவருக்கும் கை கால் வருவதற்காக ஃப்ளூவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரையைக் கொடுக்கும் வழக்கம் சில காலம் பரவியிருந்தது. 2011-இல் வந்த சின்ன ஆய்வு ஒன்று நம்பிக்கை கொடுத்திருந்தது. அதற்குப் பின் ஆயிரக்கணக்கானவர்களிடம் நடந்த ஃபோகஸ், அஃபினிட்டி, எஃபெக்ட்ஸ் ஆய்வுகளில் பலன் எதுவும் தெரியவில்லை; எலும்பு முறிவுதான் கூடியது.

ஞாபக மறதி அதிகமாகிறது. இது டிமென்ஷியாவில், அதாவது அறிவுத்திறனே தேய்ந்துபோகும் மறதி நோயில், முடியுமா?

முதல் பக்கவாதத்துக்குப் பிறகு பத்தில் ஒருவருக்கு, இரண்டாவது முறை வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல், என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. அதனால் மறதிக்கு நல்ல மருந்து அடுத்த ஸ்ட்ரோக் வராமல் பார்ப்பது. ரத்த அழுத்தம் பெரும்பாலோருக்கு 130/80-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இன்றைய இலக்கு. அடைப்பால் வந்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, கொழுப்பு மாத்திரை, புகையை நிறுத்துவது. கை வந்துவிட்டது என்று பிபி மாத்திரையை நிறுத்துபவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. அந்த மாத்திரை கைக்கு அல்ல.

சாப்பிடும்போது புரையேறுகிறது.

நிமிர்ந்து உட்கார வைத்து, சின்னச் சின்ன வாயாக, அவசரமில்லாமல். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். பலருக்குக் கெட்டியான உணவை விடத் தண்ணீர்தான் அதிகம் புரையேறும். இருமலே இல்லாமலும் உணவு நுரையீரலுக்குப் போகலாம் என்பதால், அடிக்கடி காய்ச்சலோ குரலில் ஈரத்தன்மையோ இருந்தால் விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

தாம்பத்திய உறவு ஆபத்தா?

நிலைமை சீராகி, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்கு ஆபத்தில்லை. ஆர்வம் குறைவதற்கு மருந்துகளும் மனச்சோர்வும் காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள், அவராக ஆரம்பிக்க மாட்டார்.

வேலைக்குத் திரும்பலாமா? வண்டி ஓட்டலாமா?

வேலைக்குத் திரும்பலாம், முதலில் குறைந்த நேரம், அப்புறம் படிப்படியாக. தடையாக நிற்பது பெரும்பாலும் கை அல்ல, களைப்பும் கவனச் சிதறலும் மொழியும்தான். ஒரே நேரத்தில் இரண்டு வேலை, சத்தமான இடம் இவை முன்பு போல முடியாது என்பதை மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வண்டி விஷயத்தில் அந்தந்த நாட்டுச் சட்டப்படி, மருத்துவர் பார்வைப் புலத்தையும் கவனத்தையும் சோதித்த பிறகுதான். ஒரு பக்கம் தெரியாதவர், வலிப்பு வந்தவர் தன் முடிவுக்கு ஓட்டக் கூடாது.

ஸ்டெம் செல், ரோபோ, நரம்புத் தூண்டல்: பணத்தைச் செலவழிக்கலாமா?

ஸ்டெம் செல்லால் பக்கவாத ஊனம் நீங்கும் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. ஆய்வுக்காக இலவசமாகச் சேர்க்கிறார்கள் என்றால் யோசிக்கலாம். காசு வாங்கிக்கொண்டு போடுகிறார்கள் என்றால் விலகிவிடுங்கள். கைக்கு ரோபோ: பிரிட்டனில் 770 பேரிடம் நடந்த ஆய்வில் (2019) வழக்கமான சிகிச்சையை விடக் கையின் திறமையில் மேலான பலன் இல்லை. பயிற்சியின் எண்ணிக்கையைக் கூட்ட ஒரு கருவி, அவ்வளவுதான்.

கொஞ்சம் நம்பிக்கை தருவது வேகஸ் நரம்புத் தூண்டல். மார்பில் சின்னக் கருவி பொருத்தி, கழுத்து நரம்பைத் தூண்டிக்கொண்டே கைப்பயிற்சி செய்ய வேண்டும். 108 பேரிடம் நடந்த ஆய்வுக்குப் பிறகு 2021-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. அதில் சேர்ந்தவர்கள் ஸ்ட்ரோக் வந்து ஒன்பது மாதம் முதல் பத்து ஆண்டு வரை ஆனவர்கள். 'ஆறு மாதம்' பேச்சுக்கு இதுவும் ஒரு பதில். அறுவை சிகிச்சை வேண்டும், பயிற்சி இல்லாமல் வேலை செய்யாது, கையில் கொஞ்சமாவது அசைவு இருக்க வேண்டும்.

நாங்களே பயிற்சி கொடுத்தும் முன்னேற்றம் இல்லை. எங்கள் மேல்தான் தப்பா?

இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடந்த அட்டெண்ட் ஆய்வு (2017) இதையே சோதித்தது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் செய்ய வைத்த குழுவும், வழக்கமான கவனிப்பில் இருந்த குழுவும் ஆறு மாதத்தில் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருந்தார்கள். அன்பும் உழைப்பும் நிபுணரின் இடத்தை நிரப்ப முடியாத வேலை இது. மகனோ மனைவியோ பிசியோதெரபிஸ்டாகவும் மாறிவிட்டால் வீட்டில் மகனும் மனைவியும் இல்லாமல் போகிறார்கள். நோயாளி தானே செய்யக்கூடியதைச் செய்ய விட்டு, நேரம் ஆனாலும் பொறுத்திருப்பதே பெரிய உதவி. பார்த்துக்கொள்பவர் வாரத்தில் சில மணி நேரமாவது அந்த வீட்டை விட்டு வெளியே இருக்க வேண்டும். அதற்கு யார் மாற்று என்பதை முதல் மாதத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

நன்றாக முன்னேறிக்கொண்டிருந்தவர் திடீரென்று பின்னடைந்தால்?

அது பக்கவாதத்தின் 'இயல்பு' அல்ல, காரணம் தேட வேண்டும். சில நாட்களில் மெதுவாகச் சரிந்தால் சிறுநீர்த் தொற்று, சளி, ரத்தத்தில் சோடியம் குறைவு, புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை, வெளியே சொல்லாத ஒரு விழுதல். விழுந்த பிறகு நடக்க மறுத்தால் இடுப்பு எலும்பை எக்ஸ்ரே எடுங்கள். பாதித்த பக்க எலும்பு வலுவிழந்திருக்கும், லேசான அடியிலேயே உடையும்.

கை கால் வெட்டி இழுத்து, அப்புறம் சில மணி நேரம் அந்தப் பக்கம் பலவீனமாக இருந்தால் அது வலிப்பாக இருக்கலாம். வடு விழுந்த மூளைப்பகுதியிலிருந்து மாதங்கள் கழித்தும் வலிப்பு வரும். ஆனால் வலிப்பா, இன்னொரு ஸ்ட்ரோக்கா என்பதை வீட்டில் வைத்து முடிவு செய்ய முடியாது. முகம் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, அது எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு உடனே ஆம்புலன்ஸ். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதுதான் அங்கே கேட்கும் முதல் கேள்வி. மாத்திரைச் சீட்டையும் கூடவே எடுத்துப் போங்கள்.